ஸ்டோர் ரூமுக்கு ஒரு பாத்ரூம்

பையன் வூட்டுக்குத்தானுங்க தம்பி போறேன். வேலங்காட்டுப் பிரிவுல எறங்கோணும், குண்டடத்துக்கு ரெண்டு ஸ்டாப்பு முந்தி. பேரன் பேத்தி எத்தனைன்னு கேக்க வந்தீங்க, மூஞ்சியிலயே தெரியுது. அதெல்லாம் இல்லீங்க. பையன் பேரு மகுடீஸ்வரன், மகுடுன்னு கூப்புடுவோம். முப்பத்தஞ்சு வயசாச்சு, கண்ணாலம் ஆகலை. ஆட்டிசமுங்க. பேச்சு கம்மி. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுனான்னா அன்னைக்கு நெம்பப் பேசிட்டான்னு வெச்சுக்கங்க. அவன்கூட அந்த வூட்டுல இன்னும் நாலு பேரு இருக்கறாங்க. எல்லாம் அவனாட்டமே, முப்பது நாப்பது வயசுக்காரங்க. கூடமாட ஒத்தாசைக்கு ஆளுங்க இருக்கறாங்க.

அது நான் கட்டுன வூடுங்க. பிளான் போட்ட புள்ள தான் கட்டுனதாச் சொல்லிக்கும், சொல்லீட்டுப் போவட்டும், நான் சண்டைக்குப் போறதில்லை. ஆனா எடம் யாரு எடமுங்க? என்ற எடம். அரை ஏக்கரா, எங்கப்பன் வழியில வந்தது.

எனக்குத் தொழிலு காயில் கட்டறது. கோயமுத்தூரு ஆவாரம்பாளையத்துல பட்டறை வெச்சிருக்கறேன், நாப்பது வருசமா. கெணத்து மோட்டாரு, கிரைண்டரு, ஃபேனு, எது எரிஞ்சு போனாலும் நம்மகிட்டத்தான் வரும். அதனால ஒரு சாமானைப் பாத்தா அதுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியுமுங்க. பையனுக்கு என்ன வேணும்னு தெரியாதுங்களா?

நம்ம காலத்துக்கப்பறம் இவனை யாரு பாக்கறது. இதுதான் எங்களுக்கு இருந்த ஒரே வெசனம். மகுடு படிச்ச பள்ளிக்கூடத்துல அஞ்சு குடும்பம் சேந்து பேசுனோம், அஞ்சு பேருக்கும் அதே வெசனந்தான். நான் எந்திரிச்சு, எடம் நான் குடுக்கறேன், ஒரு வூடு கட்டி அஞ்சு பேரையும் அங்க வெச்சிரலாம்னு சொன்னேன். எல்லாரும் கையெடுத்துக் கும்புட்டாங்க. நான் அன்னைக்கே கிராஃப் பேப்பர் வாங்கீட்டு வந்து பிளானைப் போட்டுட்டனுங்க. அஞ்சு பேருக்கு அஞ்சு ரூமு. ஆறாவது ரூமு எனக்கு, மகுடு ரூமை ஒட்டுனாப்புல.

என்ற சம்சாரம் மயிலாத்தா அதை வாங்கிப் பாத்தா. பாத்துப்போட்டு, "ஏனுங், நம்ம காலத்துக்கப்பறம்னுதான கட்டறது? இந்த ரூமுல நீங்க செத்ததுக்கப்பறமா வந்து இருக்கப் போறீங்க?"ன்னா. எகத்தாளம் பாருங்க. நாப்பது வருசமா இதே பேச்சுத்தான்.

அப்பறமுங்க, முறையாப் பண்ணோணும்னு சொல்லி மத்தவங்க ஒரு ஆர்க்கிடெக்டைக் கூட்டியாந்தாங்க. ஷாஹிதான்னு பேரு, கரும்புக்கடைப் புள்ள. அதுக்கு வயசு என்னுமோ முப்பதுக்குள்ளதான். நல்ல புள்ள, குத்தஞ் சொல்லலை. நான் பிளானை நீட்டுனேன். வாங்கி வெச்சுக்கிட்டு, "அங்கிள், நான் மகுடு அண்ணாகூட ரெண்டு நாள் இருக்கலாங்களா?"ன்னுச்சு. எதுக்கும்மிணி, அவனைப் பத்தி என்னைக் கேளு, நான் சொல்றேன்னேன். உங்களையும் கேக்கறேனுங்கன்னுச்சு. அந்த 'உங்களையும்' எனக்குப் புடிக்கலை.

ரெண்டு நாள் காலையில வந்து எங்க வூட்டு ஆசாரத்துல, அதான் முன் ஹாலுல, ஒரு மூலையில ஒரு நோட்டை வெச்சுக்கிட்டு உக்காந்துக்கும். பொழுதோட எந்திரிச்சுப் போயிரும். மூணாம் நாளு எங்கிட்ட வந்து, "அங்கிள், அண்ணா எந்த ரூமுக்குள்ள போறதா இருந்தாலும் வாசல்ல அரை நிமிசம் நின்னு உள்ள யாரு இருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் போறாரு, கவனிச்சீங்களா?"ன்னுச்சு.

கவனிக்காம என்னங்க. முப்பத்தஞ்சு வருசமாப் பாக்கறேன். அவன் நிப்பான், நான் பின்னால முதுகுல கையை வெச்சு, போ கண்ணு போ கண்ணுன்னு தள்ளி வுடுவேன். சோம்பேறித்தனம்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் புள்ள அதுக்குன்னு புது வூட்டு ஆசாரத்து முன்னால சின்னதா ஒரு நடை வெச்சு, நெஞ்சு ஒசரத்துக்கு ஒரு குட்டைச் செவுரு கட்டிக் குடுத்துருச்சு. அங்க நின்னு எட்டிப் பாத்துட்டு, புடிச்சா உள்ள வரலாம், புடிக்காட்டி அப்படியே சுத்தித் தோட்டத்துப் பக்கம் போயிரலாம். இப்ப அஞ்சு பேரும் அங்க நின்னுதான் உள்ள வாரது. ஒருத்தரும் தள்ளி வுடறதில்லை. எத்தனை தடவை தள்ளியிருப்பேன்னு கணக்குப் போட்டுப் பாத்தேன், அப்பறம் போடறதை வுட்டுட்டனுங்க.

அதொண்ணுதான் உருப்படியாச் சொல்லுச்சுன்னு நெனைச்சுக்காதீங்க. மிக்ஸியை ஒரு சின்ன ரூமுல தனியா வெச்சு கதவைச் சாத்திக்கோணும்னுச்சு. சமையலுக்கு இண்டக்ஷன் அடுப்புதான்னுச்சு. செவுத்து முக்கையெல்லாம் மழுக்கி வுடோணும்னுச்சு. எல்லாத்துக்கும் சரின்னேன். ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வெக்கோணும்னுச்சு பாருங்க, அங்கதான் நான் நின்னேன். உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா என்னம்மிணி பண்றதுன்னேன். ஒரு அவசரம்னா வெளியிலிருந்து ஒரு ரூவாக் காசை வெச்சுத் திருப்புனாத் தொறக்கற மாதிரி தாழ்ப்பாள் வருதுங்க அங்கிள்னு எடுத்தே காட்டுச்சு. "அவருக்கு முப்பத்தஞ்சு வயசுங்க, கதவைச் சாத்திக்க ஆசை இருக்காதுங்களா?"ன்னு கேட்டுச்சு. எங்க வூட்டுல அவன் ரூமுக்குக் கதவே கெடையாதுங்க. கழட்டி மேல அட்டாலியில போட்டிருந்தேன். அதை நான் அந்தப் புள்ளைகிட்டச் சொல்லலை.

அப்பறம் ஒரு நாளு பெரிய அட்டை ஒண்ணைத் தூக்கியாந்துச்சு. அதுல வூட்டுப் படம் வரைஞ்சிருக்குது. ரூமு, சமையக்கட்டு, தோட்டம், வெளிய ரோடு, ரோட்டுல ஒரு பஸ்ஸு. எங்க எல்லாத்து போட்டோவையும் சின்னச் சின்னதாக் கத்திரிச்சு வெச்சிருந்துச்சு. மகுடுவைக் கூப்புட்டுக் கீழ உக்கார வெச்சு, யாரு யாரு எங்க இருக்கோணும்னு நீங்களே வைங்கண்ணான்னுச்சு.

என்ற பையன் எடுத்தான். அவன் போட்டோவைக் கெழக்கால ரூமுல வெச்சான். கூட இருக்கப் போற நாலு பேர்த்தையும் ஆளுக்கொரு ரூமுல வெச்சான். என்ற போட்டோவை எடுத்தான். நெம்ப நேரம் பாத்தான். பாத்துப்போட்டு, பஸ்ஸு மேல வெச்சான். பக்கத்துலயே அவங்கம்மாளையும் வெச்சான்.

மயிலாத்தா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு சிரிச்சா, கண்ணுல தண்ணி. நான் அந்தப் புள்ளைகிட்ட வெவரமாச் சொன்னேன். அவனுக்கு பஸ்ஸுன்னா உசுரும்மிணி, அதனால உசுரா இருக்கறவங்களை அதுல ஏத்தியிருக்கறான்னு. அந்தப் புள்ள நோட்டுல எழுதிக்கிச்சு. அடுத்த வாரம் போட்டோவைக் கலைச்சுப் போட்டு மறுக்காக் கேட்டுச்சு. பஸ்ஸு. அதுக்கடுத்த வாரமும் கேட்டுச்சு. பஸ்ஸுதான். மூணு தடவையும் பஸ்ஸு. எத்தனை பிரியம் இருக்கோணும் பாருங்க.

பிளானு வந்துச்சு. அஞ்சு ரூமு, வேலையாளுக்கு ஒரு ரூமு. எனக்கு ரூமு இல்லை. "அண்ணாவைக் கேட்டுத்தானுங்க போட்டேன் அங்கிள்"னுச்சு. சரி, எடத்தைக் குடுத்தவன் நான், மூஞ்சியை முறிச்சுக்க வேண்டாம்னு ஒரு ரோசனை பண்ணுனனுங்க. அப்படீன்னா மகுடு ரூமை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூமு மட்டும் வெச்சுக் குடும்மிணின்னேன். சரின்னுச்சு. அதுக்கு ரெண்டு ஜன்னலுன்னேன். ஒரு மாதிரிப் பாத்துச்சு, சரின்னுச்சு. ஒரு பாத்ரூமுன்னேன்.

"ஸ்டோர் ரூமுக்கு எதுக்குங்க அங்கிள் பாத்ரூமு?"

சாமானுல தூசி ஒட்டுனாக் கழுவோணுமல்லன்னேன்.

பக்கத்துல மயிலாத்தா இல்லாம இருந்திருந்தா அது நடந்திருக்குமுங்க. அவ, "அந்தச் சாமானுக்கு அறுவத்தியெட்டு வயசாகுது கண்ணு, நீ கண்டுக்காதே"ன்னுட்டா. அந்தப் புள்ளையும் சிரிச்சிருச்சு. ஸ்டோர் ரூமு சமையக்கட்டுக்குப் பின்னால போயிருச்சு, ஆறுக்கு நாலு, ஜன்னலு கெடையாது.

வுடுவனா நானு. கட்டி முடிச்சு புண்ணியாச்சனை வெச்சோம். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தாங்க. பால் காய்ச்சுனாங்க, அதை மகுடுவே இண்டக்ஷன் அடுப்புல காய்ச்சுனான், பொங்குனதும் பட்டுன்னு நிறுத்திப் போட்டான். நான் முப்பத்தஞ்சு வருசமா அடுப்புக்கிட்ட அவனை வுட்டதில்லீங்க. அன்னைக்குத்தான் பாத்தேன், அவனுக்கு அடுப்பு பத்த வெக்கத் தெரியுது. யாருடா சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டா, மூணு மாசமா அவங்கம்மாதான், நான் பட்டறைக்குப் போனதுக்கப்பறம்.

மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு ஒறம்பரை கெளம்புச்சு. நான் கெளம்பலை. ஒரு பொட்டியில நாலு வேட்டி சட்டை, மாத்திரை, சவரச் சாமானெல்லாம் வெச்சு கொண்டாந்திருந்தேன். மெத்தையும் ஒண்ணு கொண்டாந்திருந்தேன். ஒரு பத்து நாளைக்கு, பையன் பழகற வரைக்கும்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். மெத்தையை மகுடு ரூமுல கீழ விரிச்சேன்.

அவன் வந்தான். வாசல்ல நின்னு எட்டிப் பாத்தான். அப்பறம் உள்ள வந்து மெத்தையைச் சுருட்டுனான். நல்லா அழகாச் சுருட்டிக் கவுத்துல கட்டுனான். ஒரு கையில மெத்தை, ஒரு கையில என்ற பொட்டி, ரெண்டையும் தூக்கிக்கிட்டு வெளிய நடந்தான். எங்கடா போறேன்னு நானும் பின்னாலயே ஓடறேன். தெரு முக்குல நின்ன ஒறம்பரையெல்லாம் வேடிக்கை பாக்கறாங்க. பிரிவு வரைக்கும் நடந்தான். பஸ்ஸு வந்துச்சு. கையைக் காட்டி நிறுத்துனான். பொட்டியையும் மெத்தையையும் ஏத்திப் போட்டு, என்ற பக்கம் திரும்பி, "பஸ்ஸு வந்துருச்சுப்பா"ன்னான்.

அவன் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி நான் பாத்ததில்லீங்க தம்பி. அது சந்தோசமா துக்கமான்னு எனக்குத் தெரியலை. ஏறி உக்காந்துட்டேன், பின்னாலயே வந்த மயிலாத்தாளும் ஏறிக்கிட்டா. கண்டக்டரு எங்கீங்கன்னு கேக்கறாரு, எனக்கு அழுகை வந்துருச்சு. மயிலாத்தாதான் டிக்கெட் வாங்குனா. பல்லடம் தாண்டுச்சு. அப்பறம் மெதுவா, "பொண்ணைக் கட்டிக் குடுத்த வூட்டுல பத்து நாளு போயி உக்காந்துக்குவீங்களா? பொழுதோட கெளம்பி வர்றதுதான மொறை. அப்படி நெனைச்சுக்கங்க"ன்னா. அவளும் அழுதிருக்கறா. எனக்குத் தெரியாம ஜன்னல் பக்கம் திரும்பி அழுதிருக்கறா.

சரி, ரெண்டே நாளு, சோறு திங்க மாட்டேங்கறான் வாங்கன்னு போன் வரும்னு இருந்தேன். ரெண்டு நாளாச்சு, வரலை. நாலு நாளாச்சு. போன் ரிப்பேரான்னு பட்டறையில இருந்து வூட்டுக்கு ஒரு போன் போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் அடிச்சுது. பதினோராம் நாளு வந்துச்சு. ஜெபமணின்னு ஒருத்தரு அங்க வேலையில இருக்கறாரு, பொறுமையான ஆளு. "ஐயா, மகுடு உங்க போட்டோவை எடுத்தாந்து எங்கையில குடுத்துக் குடுத்துப் போறாரு. ஃபேனைக் காட்டறாரு. ஃபேனு நல்லாத்தான் ஓடுது, என்னன்னு தெரியலை"ன்னாரு.

அந்த வூட்டுல எல்லாருக்கும் சத்தமே வராத புது ஃபேனுங்க, அந்தப் புள்ள தேடிப் புடிச்சு வாங்குனது. மகுடு ரூமுக்கு மட்டும் நான் நம்மூட்டு ஃபேனைத்தான் மாட்டியிருந்தேன். இருவது வருசமா அவன் படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்த ஃபேனு, நானே காயில் கட்டுனது. அடுத்த பஸ்ஸைப் புடிச்சுப் போனேன். அங்க ஒருத்தருக்கும் சத்தம் கேக்கலை. ஸ்டூலு மேல ஏறி ஸ்க்ரூ டிரைவரு முனையை மோட்டாரு மேல வெச்சு, பிடியைக் காதுல வெச்சேன். பட்டறையில அப்படித்தான் பாக்கறது. கேட்டுச்சு. நூலு மாதிரி ஒரு கிர்ருன்னு. பேரிங்கு தேஞ்சு போச்சு. எறங்கி அவனைப் பாத்தேன், அவன் என்னைப் பாத்தான். அந்தச் சத்தம் அந்த வூட்டுலயே எங்க ரெண்டு பேருக்குத்தான் கேக்குதுங்க.

நாலு சொட்டு எண்ணெய் வுட்டேன். நின்னுருச்சு. மகுடு போயி டீ வெச்சுக் கொண்டாந்தான். சக்கரை சாஸ்தி. இருந்தாலும் முழுசாக் குடிச்சேன். குடிச்சு முடிச்சதும் பஸ்ஸுக்குக் கூட்டியாந்து வுட்டான்.

இப்ப உங்ககிட்ட ஒண்ணு சொல்றனுங்க, பட்டறைக்காரன் ஒருத்தனும் இதை வெளிய சொல்ல மாட்டான். எண்ணெய் வுட்டா மூணு வாரந்தான். பேரிங்கை மாத்துனா பத்து வருசத்துக்குக் கவலையில்லை. பேரிங்கு என்ன, பட்டறையில டப்பா டப்பாவாக் கெடக்குது. நான் எண்ணெய்தான் வுட்டேன். மூணு வாரங் கழிச்சுக் கூப்புட்டான், போனேன். மறுக்கா மூணு வாரம். எண்ணெய், டீ, பஸ்ஸு. மயிலாத்தா கேட்டா, புது வூட்டுல என்ன ஓயாம ரிப்பேருன்னு. பழைய ஃபேனு அப்படித்தான்னேன்.

நாலாம் தடவை போன் வந்தப்ப நான் ஆஸ்பத்திரியில. நெஞ்சுல சித்த அடைப்பு. ரெண்டு நாளு படுக்க வெச்சுட்டாங்க. மூணாம் நாளு நேரா அங்கதான் போனேன். ஜெபமணி கேட்டுலயே நின்னாரு. "ரெண்டு நாளா அவரு ரூமுக்குள்ளயே போகலீங்கய்யா. தலையில துண்டைச் சுத்திக்கிட்டு, காதைப் பொத்திக்கிட்டு வெளியிலயே உக்காந்திருக்கறாரு. கரண்டுக்காரரைக் கூட்டியாந்தோம், தொட வுடலை. உங்க போட்டோவைக் கீழ வெக்க மாட்டேங்கறாரு"ன்னாரு.

போயிப் பாத்தேன். வெயில்ல உக்காந்திருந்தான். காது ரெண்டும் கன்னிப் போயிருந்துச்சு, அப்படி அழுத்தியிருக்கறான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு ஸ்டூலை எடுத்தாந்து போட்டான். ஒரு கோவமில்லை. எனக்குத்தான், இருக்கறதா சாகறதான்னு ஆயிருச்சு.

அவன் நிம்மதியா இருக்கட்டும்னு ஒரு ரூமு. அதுக்குத்தான் எடம், அதுக்குத்தான் மூணு வருசம் நாயா அலைஞ்சது. அதுல சத்தத்தைக் கொண்டாந்து வெச்சது நானு. தெரிஞ்சே வெச்சேன். அன்னைக்குக் கையில பேரிங்கு இல்லை, எண்ணெய்தான் வுட முடிஞ்சுது. வூட்டுக்கு வந்து மயிலாத்தாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவான்னு பாத்தேன். திட்டலை. "உங்களுக்கப்பறம் யாருங்க போயி எண்ணெய் வுடறது?"ன்னு மட்டும் கேட்டா.

பட்டறையில கெடக்கறதெல்லாம் ரெண்டாந்தரமுங்க. காந்திபுரம் போயி நல்லதா ரெண்டு வாங்கியாந்தேன், இந்தா, சட்டைப் பையில இருக்குது பாருங்க, மோட்டாருக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஃபேனை எறக்கி, பிரிச்சு, மாட்டி, ஏத்தறதுக்கு ஒரு மணி நேரமாகும். இன்னைக்கு அவன் கூப்புடலீங்க தம்பி. மூணு வாரமாக இன்னும் நாலு நாளு இருக்குது. நானாத்தான் போறேன். வேலை முடிஞ்சா டீ குடுப்பான், பஸ்ஸுக்குக் கூட்டியாந்து வுடுவான்.

அப்பறம் எதுக்குக் கூப்புடப் போறான்.

பிரிவு வந்துருச்சுங்க. சித்த காலை மடக்கிக்கங்க, எறங்கிக்கறேன். நல்ல பேரிங்குதானான்னு கடைக்காரனை ரெண்டு தடவை கேட்டேன். மாட்டிட்டா பத்து வருசத்துக்கு ஒரு சத்தமும் வராதுன்னான்.